ஓட்டை எண்ணினால் போதாதா, எண்ணியது தெரியவும் வேண்டுமா?

கேள்வி: பிப்ரவரி 4

தேர்தல் வழக்குத் தீர்ப்புகளைப் படித்தால் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: "மக்களின் நம்பிக்கையைக் காக்க." மோசடி நடந்ததா என்றால் ஆதாரம் இல்லை. நடந்திருக்குமோ என்று மக்கள் நினைக்கிறார்களாம். அதற்காக ஒரு சட்டம் போடலாமாம், ஒரு தேர்தலையே ரத்து செய்யலாமாம். திருட்டு வழக்கில் "ஊரே இவனைத்தான் சந்தேகப்படுகிறது" என்றால் எந்த நீதிபதியாவது தண்டனை கொடுப்பாரா? தேர்தலுக்கு மட்டும் ஏன் தனி நியாயம்? என் கட்சி இதுதான்: அடுத்தவர் நினைப்பு சட்டத்துக்குள் வரவே கூடாது. மறுப்பவர்கள் சொல்லலாம்.

பிப்ரவரி 4, இரவு

நான் மறுக்க வரவில்லை. ரொம்ப நாள் எனக்கும் இதே கட்சிதான். அதற்குக் காரணம் ஒரு கதவு.

சில வருடங்களுக்கு முன் எங்கள் சங்கத்தின் நிர்வாகக் குழுத் தேர்தலை நடத்தும் வேலை என் தலையில் விழுந்தது. நான் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். "உங்களுக்குத்தான் சட்டம் தெரியும்" என்று சொல்லியே கட்டிவிட்டார்கள். நூற்றுச் சொச்சம் ஓட்டு. பெட்டியை மேசையில் கொட்டி, சீட்டுகளைப் பிரித்து, பெயர்வாரியாக அடுக்க ஆரம்பித்தேன். ஜன்னல் வழியாகக் காற்று. இரண்டு சீட்டு பறந்து தரையில் விழுந்தது. ஜன்னலைச் சாத்தினேன். வாசல் பக்கமிருந்தும் காற்று வந்தது. கதவையும் சாத்தினேன். உள்ளே நானும் உதவிக்கு இரண்டு பேரும். பத்து நிமிடம், மிஞ்சிப்போனால் பன்னிரண்டு. கதவைத் திறந்து முடிவைச் சொன்னதும், மூன்று ஓட்டில் தோற்றவர் கேட்ட முதல் கேள்வி: "கதவை ஏன் சாத்தினீங்க?"

காற்று என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

எல்லார் முன்னாலும் மறுபடி எண்ணினேன். அதே எண். "உள்ளேயே மாத்தியிருந்தா, வெளியே எத்தனை தடவை எண்ணினாலும் அதேதானே வரும்?" என்றார். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஒரு தப்பும் செய்யாதவன், அடுத்தவன் நினைப்புக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்று அன்று வந்த கோபம் வருடக்கணக்கில் இருந்தது. கேள்வி கேட்டவருக்கும் அதே கோபம் இருப்பதாகத் தோன்றுகிறது.

பிப்ரவரி 5

அந்தத் திருட்டு உவமையை யோசித்துக்கொண்டே படுத்தேன். தப்பான உவமை. திருட்டு வழக்கில் சந்தேகம் விழுவது கூண்டில் நிற்பவர் மேல். தேர்தலில் அது எண்ணுகிறவர் மேல் விழுகிறது. எண்ணுகிறவர் இருப்பது நீதிபதியின் இடத்தில். நீதிபதி மேல் சந்தேகம் வந்தால் சட்டம் வேறு அளவுகோலைத்தான் எடுக்கிறது.

1923, இங்கிலாந்தில் சசெக்ஸ். மோட்டார் சைக்கிள் விபத்து வழக்கு, ஓட்டியவர் மெக்கார்த்தி. தீர்ப்பை யோசிக்க மாஜிஸ்திரேட்டுகள் உள்ளறைக்குப் போனார்கள். கூடவே அன்றைக்குக் குமாஸ்தாவாக இருந்தவரும் போனார். அதே விபத்துக்காக மெக்கார்த்தியிடம் நஷ்ட ஈடு கேட்ட தரப்பின் வக்கீல் நிறுவனத்தில் அவர் பங்குதாரர். உள்ளே அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை, அவரும் வாய் திறக்கவில்லை. மாஜிஸ்திரேட்டுகள் பிரமாணப் பத்திரமே கொடுத்தார்கள். இருந்தும் மெக்கார்த்திக்கு விதித்த தண்டனை ரத்து. நீதி வழங்கினால் மட்டும் போதாது, வழங்கியது ஐயத்துக்கு இடமில்லாமல் வெளியே தெரியவும் வேண்டும் என்று தலைமை நீதிபதி ஹியூவர்ட் சொன்னது இந்த வழக்கில்தான்.

குமாஸ்தா, உள்ளறை, சாத்திய கதவு. இதை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 5, கொஞ்ச நேரம் கழித்து

கீழே ஒருவர் "பனைமரத்தடியில் பால் குடித்த கதை" என்று ஒரே வரியில் போட்டிருக்கிறார். சரிதான். ஆனால் பழமொழி சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பால் குடிக்கிறவனுக்கு வேறு மரமே இல்லையா?

பிப்ரவரி 7

பணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் "தோற்றம்" என்ற சொல் தேர்தல் சட்டத்தில் அழுத்தமாகக் கால் ஊன்றியது அங்கேதான். அமெரிக்காவில் வாட்டர்கேட்டுக்குப் பிறகு 1974இல் ஒரு சட்டம். ஒரு தனிமனிதர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலில் 1,000 டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது. 1976இல் பக்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வரம்பை ஏற்றுக்கொண்டது. ஊழலைத் தடுப்பது ஒரு காரணம், ஊழல் என்ற தோற்றத்தைத் தடுப்பது அதற்குக் கிட்டத்தட்டச் சமமான இன்னொரு காரணம் என்றது.

2000இல் மிசௌரி மாநில வழக்கு. அங்கே நன்கொடை வரம்புக்கு என்ன ஆதாரம் என்று கேட்டபோது நீதிமன்றம் சுட்டிக்காட்டியவற்றில் ஒன்று, 1994இல் அந்த மாநில வாக்காளர்களில் 74 சதவீதம் பேர் வரம்பு வேண்டும் என்று வாக்களித்தது. அதாவது, மக்கள் சந்தேகப்படுகிறார்கள் என்பதற்கு மக்கள் போட்ட ஓட்டே சாட்சி. முதல் வாசிப்பில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம், வேறு எதைத்தான் காட்டுவது என்றும் தோன்றியது.

பத்து வருடம் கழித்து, 2010இல், நிறுவனங்கள் வேட்பாளரோடு சேராமல் தனியாகச் செய்யும் தேர்தல் செலவைத் தடுக்கக் கூடாது என்ற சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பு. செல்வாக்கும் அணுக்கமும் இருப்பது போன்ற தோற்றத்தால் மக்கள் ஜனநாயகத்தின் மேல் நம்பிக்கை இழந்துவிட மாட்டார்கள் என்று நீதிபதி கென்னடி எழுதினார். இழக்க மாட்டார்கள் என்று அவருக்கு யார் சொன்னது? முந்தைய வழக்கிலாவது ஒரு வாக்கெடுப்பு இருந்தது.

ஆக, மக்களின் நினைப்பு சட்டத்துக்குள் வந்துவிட்டது. அதை அளக்க ஒரு படி இன்னும் வரவில்லை.

பிப்ரவரி 8

திருத்தம். முதலாவது வேட்பாளர் கையில் கொடுக்கும் பணம், இரண்டாவது அவரோடு பேசிக்கொள்ளாமல் தனியாகச் செய்யும் செலவு, இரண்டையும் ஒரே தராசில் வைத்தது தப்பு என்று ஒரு வக்கீல் நண்பர் எழுதியிருக்கிறார். உண்மை. பக்லியே கொடுப்பதற்கு வரம்பை ஏற்று, செலவழிப்பதற்கான வரம்பை அடித்துவிட்டது. ஆனால் என் கேள்வி பணம் போகும் வழியைப் பற்றியது இல்லை. "மக்கள் இப்படித்தான் நினைப்பார்கள்" என்று மக்களைக் கேட்காமல் எழுதுவதைப் பற்றியது. அந்தப் பகுதியை நான் திருப்பி வாங்கவில்லை.

பிப்ரவரி 11

இன்று கொஞ்சம் நீளம். வேலை இல்லை.

கேள்வி கேட்டவர் மனதில் இருப்பது அடையாள அட்டை வழக்குகள் என்று ஊகிக்கிறேன். இந்தியானா மாநிலம் புகைப்பட அடையாளம் கட்டாயம் என்று 2005இல் சட்டம் போட்டது. ஒருவர் இன்னொருவர் பெயரில் வாக்குச்சாவடிக்கு நேரில் போய் ஓட்டுப் போடுவதைத் தடுக்க. 2008இல் உச்ச நீதிமன்றம் கிராஃபோர்டு வழக்கில் அதை 6க்கு 3 என்று ஏற்றது. ஆனால் அப்படி நேரில் வந்து ஆள்மாறாட்டம் செய்ததாக இந்தியானாவின் வரலாற்றிலேயே ஒரு சம்பவமும் வழக்குப் பதிவுகளில் இல்லை என்று அதே தீர்ப்பில் எழுதியிருக்கிறது. பிறகு எதை வைத்து ஏற்றார்கள்? காரணங்களில் ஒன்று பொதுமக்கள் நம்பிக்கை, அதற்குத் தனி மதிப்பு உண்டு என்று. 2006இல் அரிசோனா வழக்கான பர்செல்லில் இன்னும் தெளிவாகச் சொன்னார்கள்: நம் நேர்மையான ஓட்டைக் கள்ள ஓட்டு அடித்துவிடும் என்று பயப்படுகிறவர், தன் ஓட்டுரிமையே பறிபோனதாக உணர்வார்.

இந்த வாக்கியத்தை மூன்று முறை படித்தேன். "உணர்வார்" என்ற சொல் எவ்வளவு பெரிய பாரத்தைச் சுமக்கிறது பாருங்கள். ஒரு பக்கம், ஓட்டு போனதாக உணர்கிறவர். மறு பக்கம், கையில் அட்டை இல்லாமல் உண்மையாகவே திரும்பிப் போகிறவர். இரண்டையும் ஒரே எடையாக வைத்தால் எப்படி?

பிரிட்டனில் 2022இல் சட்டம் வந்து, 2023 மே மாதம் இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தலில் அந்தச் சட்டப்படி முதல்முறை அட்டை கேட்டார்கள். வாக்குச்சாவடி வரை வந்து, அட்டை இல்லாமல் திரும்பி, கடைசிவரை ஓட்டுப் போடாதவர்கள் சுமார் 14,000 பேர் என்று அங்குள்ள தேர்தல் ஆணையமே கணக்கு வெளியிட்டது. வந்தவர்களில் 0.25 சதவீதம். சின்ன எண் என்பார்கள். என் சங்கத்தில் மூன்று ஓட்டுக்கு ஆன ரகளையைப் பார்த்தவனுக்கு அது சின்னதில்லை.

சரி, அட்டை கேட்டால் நம்பிக்கையாவது கூடுகிறதா? ஆன்சோலபெஹர், பெர்சிலி என்ற இருவர் ஹார்வர்டு சட்ட இதழில் 2008இல் ஆராய்ந்து எழுதினார்கள். மோசடி நிறைய நடக்கிறது என்று நம்புகிறவர் ஓட்டுப் போடப் போவது அதனால் குறைவதாகத் தெரியவில்லை. கடுமையாக அட்டை கேட்கும் மாநிலங்களில் சந்தேகம் குறைவாக இருப்பதாகவும் தெரியவில்லை. மருந்துக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்றால், மருந்தின் பக்க விளைவை மட்டும் எதற்குச் சாப்பிட வேண்டும்?

பிப்ரவரி 11, இரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு என் மகள் கேட்டாள்: "அப்பா, அப்போ நீங்க கதவைச் சாத்தினது சரின்னு சொல்றீங்களா?"

இல்லை. ஏன் இல்லை என்று தெளிவாகச் சொல்லவும் வரவில்லை. பிறகு வருகிறேன்.

பிப்ரவரி 16

வந்துவிட்டேன். ஜெர்மனி வழியாக.

2005இல் ஜெர்மன் நாடாளுமன்றத் தேர்தலில் சுமார் 20 லட்சம் பேர் நெடாப் என்ற நிறுவனத்தின் இயந்திரத்தில் ஓட்டுப் போட்டார்கள். ஒரு தந்தையும் மகனும் வழக்குப் போட்டார்கள். 2009 மார்ச் 3 அன்று அரசியல் சாசன நீதிமன்றம், இயந்திரத்தைப் பயன்படுத்திய விதம் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது. யாரும் ஏமாற்றியதாக அல்ல. வாக்குப்பதிவின் முக்கியமான படிகளையும் முடிவு வந்த விதத்தையும் ஒரு சாதாரணக் குடிமகன், தனி நிபுணத்துவம் எதுவும் இல்லாமல், தானே சரிபார்க்க முடிய வேண்டும் என்றது. "நிபுணர் பார்த்துவிட்டார், நம்புங்கள்" என்பது போதாது. ஆனாலும் இயந்திரம் தப்பாக எண்ணியதற்குச் சான்று இல்லாததால் அந்தத் தேர்தலை ரத்து செய்யவில்லை. இந்த இரண்டாம் பாதியைப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள். எனக்கு அதுதான் அழகு: நடைமுறைக்குத் தோல்வி, முடிவுக்கு உயிர்.

இங்கே கவனியுங்கள், நீதிமன்றம் எந்தக் கருத்துக்கணிப்பையும் கேட்கவில்லை. மக்கள் நம்புகிறார்களா என்பது கேள்வியே இல்லை, பார்க்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. எத்தனை பேர் நம்பினாலும் கதவு சாத்தியிருந்தால் சாத்தியதுதான்.

மகளுக்குச் சொல்ல வேண்டிய பதில் இது. அவள் தூங்கிவிட்டாள்.

(நெதர்லாந்தில் 2006இல் ஒரு குழு அதே நெடாப் இயந்திரம் ஒன்றைப் பிடித்து அதில் சதுரங்கம் ஆட வைத்துக் காட்டியது. இந்தப் பெட்டியில் ஓட்டு எண்ணுவதைத் தவிர வேறு எதுவும் ஓடாது என்பவர்களுக்குப் பதில். அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் அங்கே எல்லாரும் காகிதத்துக்கும் சிவப்புப் பென்சிலுக்கும் திரும்பிவிட்டார்கள். இயந்திரம் நன்றாக ஆடியதா என்று கேட்காதீர்கள்.)

பிப்ரவரி 17

"முடிவுக்கு உயிர்" என்று எழுதினேனே, ஆஸ்திரியாவில் அந்த உயிரும் போனது.

2016 மே 22, குடியரசுத் தலைவர் தேர்தலின் இரண்டாம் சுற்று. வான் டெர் பெல்லன் 30,863 ஓட்டில் ஜெயித்தார். ஜூலை 1 அன்று நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. பதினான்கு மாவட்டங்களில் தபால் ஓட்டு உறைகளைக் குறித்த நேரத்துக்கு முன் பிரித்திருந்தார்கள், அல்லது பார்வைக் குழு இல்லாமல் கையாண்டிருந்தார்கள். அப்படிக் கையாண்ட ஓட்டு 77,926. யாரும் ஓட்டை மாற்றியதற்கு ஒரு சான்றும் இல்லை. ஆனால் வித்தியாசத்தைவிட அந்த எண் பெரியது.

அந்த அலுவலர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று உறையைப் பிரித்திருப்பார்கள். அதுவும் ஒரு காற்றுதான்.

அக்டோபர் 2 அன்று மறுதேர்தல் என்றார்கள். அதற்குள் புதிய தபால் உறைகளின் பசை ஒட்டாமல் பிரிந்துகொள்வது தெரிந்து, டிசம்பர் 4க்குத் தள்ளிப்போட்டார்கள். பார்வையாளர் இல்லாமல் உறையைப் பிரித்ததற்காக ரத்தான தேர்தல், உறை தானே பிரிந்ததால் தள்ளிப்போனது. கடைசியில் அதே வான் டெர் பெல்லன், இந்த முறை 53.8 சதவீதம் வாங்கி, பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார்.

பிப்ரவரி 20

"வெளிநாட்டுக் கதை போதும், இந்தியாவைச் சொல்லுங்க சார்" என்று இரண்டு பேர்.

கேரளத்தின் பரவூர், 1982. நாட்டிலேயே முதல்முறையாக ஐம்பது சாவடிகளில் மின்னணு இயந்திரம். வாக்குப்பதிவுக்கு முன்பே இயந்திரத்தை எதிர்த்து நீதிமன்றம் போனவர் சிவன் பிள்ளை. தேர்தல் முடிந்தது, 123 ஓட்டில் ஜெயித்தவரும் அவரே. தோற்ற ஏ.சி. ஜோஸ் அதே இயந்திரத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமில்லை என்று 1984இல் தீர்ப்பு வந்து, அந்தச் சாவடிகளில் காகிதச் சீட்டில் மறுவாக்குப்பதிவு நடந்து, ஜோஸ் ஜெயித்தார். இயந்திரத்தின் மேல் நம்பிக்கை யாருக்கு, எப்போது வரும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல என்னால் முடியாது.

அதற்கப்புறம் 2013 அக்டோபர் 8. சுப்பிரமணியன் சுவாமி தொடர்ந்த வழக்கில் நீதிபதி சதாசிவம் தலைமையிலான அமர்வு, சுதந்திரமான நேர்மையான தேர்தலுக்குக் காகிதத் தடம் இன்றியமையாதது, வாக்காளரின் நம்பிக்கையை அதன் மூலமே பெற முடியும் என்றது. இயந்திரம் கெட்டுப்போனது என்று சொல்லவில்லை. போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபாட் கருவி இப்படித்தான் நாடெங்கும் வந்தது. 2019 ஏப்ரலில், ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு இயந்திரம் என்றிருந்த சீட்டுச் சரிபார்ப்பை ஐந்தாக உயர்த்தினார்கள். 2024 ஏப்ரல் 26 அன்று நூறு சதவீதச் சரிபார்ப்பு வேண்டும் என்ற கோரிக்கை தள்ளுபடியானது. கூடவே நீதிமன்றம், சின்னம் ஏற்றும் கருவியை 45 நாள் சீல் வைத்துப் பாதுகாக்க வேண்டும், இரண்டாம் மூன்றாம் இடத்தில் வந்தவர்கள் கேட்டால் 5 சதவீத இயந்திரங்களைச் சோதிக்க வேண்டும் என்றது. தோற்றவருக்கென்று தீர்ப்பிலேயே ஒரு ஜன்னல். அதை எழுதியவர்களுக்கு ஆட்களைத் தெரிந்திருக்கிறது.

இதில் எனக்கு நெருடுவது தேர்தல் நடத்தை விதிகளில் ஒன்று, 49எம்ஏ. நான் ஒருவருக்குப் போட்டேன், சீட்டில் வேறு சின்னம் வந்தது என்று வாக்காளர் சொன்னால், முதலில் எழுத்தில் கொடுக்க வேண்டும். பொய் என்று தெரிந்தால் வழக்கு வரும் என்று எச்சரிப்பார்கள். பிறகு முகவர்கள் முன்னால் ஒரு சோதனை ஓட்டு. அது சரியாக விழுந்தால் மாட்டிக்கொள்வது புகார் சொன்னவர். வீண்புகாரைத் தடுக்க ஏதாவது வேண்டும்தான். ஆனால் அந்தச் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் நிற்பது ஏழு நொடி. நானும் போன தடவை குனிந்து பார்த்தேன். சின்ன விளக்கு எரிந்தது, சீட்டு வந்து நின்றது, விழுந்தது. பார்த்தேன் என்று நினைக்கிறேன். சத்தியம் செய்து எழுதிக் கொடு என்றால் கொடுப்பேனா? மாட்டேன். பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுவேன். நம்பிக்கைக்காகத் திறந்த கதவில் ஒரு நாயையும் கட்டியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 20, தொடர்ச்சி

மேலே உள்ளதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் என் நிலைப்பாடு இப்படி வந்து நிற்கிறது. கேள்வி கேட்டவரும் நானும் "நினைப்பு உள்ளே வரலாமா கூடாதா" என்று அடித்துக்கொண்டது வீண். நினைப்புக்குப் பதிலாக என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். எண்ணுகிறவர் இன்னும் கொஞ்சம் காட்ட வேண்டும் என்றால், சந்தேகம் மட்டுமே போதும், ஆதாரம் கேட்க வேண்டாம். காட்டுவதால் யாருடைய ஓட்டும் போகாது. வாக்காளர் இன்னும் கொஞ்சம் சுமக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பிப் போக வேண்டும் என்றால், சந்தேகம் போதாது, சம்பவத்தைக் காட்டு.

பிப்ரவரி 21

எழுதும்போது பிரமாதமாக இருந்தது. காலையில் படித்தால் அவ்வளவு இல்லை.

ஆஸ்திரியாவை எங்கே வைப்பது? அங்கே யாரையும் வெளியே நிறுத்தவில்லை, ஆனால் போட்ட ஓட்டு அத்தனையும் ஒருமுறை செல்லாமல் போனதே. காட்டுவதற்கும் விலை உண்டு. கேமரா பதிவைக் காட்டு என்கிறோம், அதில் வாக்காளர் முகம் இருக்கிறது. 2024 டிசம்பரில் இந்தியாவில் அந்த மாதிரி மின்னணுப் பதிவுகளைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து விலக்கி, அதே தேர்தல் நடத்தை விதிகளில் 93ஐத் திருத்தினார்கள். வாக்காளரின் அந்தரங்கம் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. காரணம் பொய்யில்லை. கதவு சாத்தியதும் பொய்யில்லை. காற்று அடித்ததும் பொய்யில்லையே.

மார்ச் 2

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: "சந்தேகத்தை வேண்டுமென்றே கிளப்புகிறவர்களை என்ன செய்வது?"

நல்ல அடி. 2021 ஜனவரி 2 அன்று டெட் குரூஸ் உள்ளிட்ட அமெரிக்க செனட்டர்களும் செனட்டுக்குப் புதிதாகத் தேர்வானவர்களுமாகப் பதினோரு பேர், டிரம்ப் தோற்ற 2020 அதிபர் தேர்தலின் முடிவை உறுதிசெய்வதற்கு முன் பத்து நாள் அவசரத் தணிக்கை வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். அதில் அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று, 39 சதவீத அமெரிக்கர்கள் தேர்தலில் மோசடி நடந்ததாக நம்புகிறார்கள் என்ற கருத்துக்கணிப்பு. அந்த நம்பிக்கையை இரண்டு மாதமாக ஊட்டி வளர்த்தது அவர்கள் தரப்பு. ஊட்டியவர்களே "பாவம், பிள்ளை அழுகிறதே" என்று வந்து நின்றார்கள்.

இவர்கள் கேட்டதும் "காட்டு" என்பதுதான். என் விதிப்படி கொடுக்க வேண்டும். கொடுக்கக் கூடாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஜார்ஜியாவில் அதற்குள் கையாலேயே எல்லா ஓட்டையும் ஒருமுறை எண்ணி முடித்திருந்தார்கள். நான் மறுபடி எண்ணிய மாதிரி. எத்தனை தடவை எண்ணினாலும் அதேதானே வரும் என்று அங்கேயும் யாராவது சொல்லியிருப்பார்கள்.

ஒரு திருத்தம் போடுகிறேன்: எண்ணுவதற்கு முன்னால் கேட்டால் தாராளமாகக் காட்டலாம். முடிவு தெரிந்த பிறகு கேட்டால், கேட்பவர் எங்கே கை வைக்கிறார் என்று சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். சசெக்ஸில் மெக்கார்த்தி அதைச் செய்தார். உள்ளே போனவரை விரல் நீட்டிக் காட்டினார்.

மார்ச் 6

பேச்சு எங்கெங்கோ போகிறது, இதையும் சொல்லிவிடுகிறேன். உத்திரமேரூர்க் கல்வெட்டு, முதலாம் பராந்தகன் காலம், 919, 921ஆம் ஆண்டுகள். குடவோலை என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வரியில் படித்துவிட்டுத் தாண்டியிருப்போம். ஓலையை எடுக்கும் முறையை மெதுவாகப் படித்துப் பாருங்கள். சபையார் இளையோர் முதியோர் உட்பட மண்டபத்தில் கூட வேண்டும். கோயில் பூசகர்களான நம்பிமாரில் மூத்தவர் ஒருவர் குடத்தை எல்லாரும் காணும்படி தூக்கிப் பிடித்து நிற்க வேண்டும். ஓலையை எடுப்பது விவரம் அறியாத ஒரு சிறுவன். அதை வாங்கிக்கொள்கிற மத்தியஸ்தர் அஞ்சு விரலும் அகல வைத்து உள்ளங்கையில் ஏற்றுக்கொள்ள வேண்டும். வாசித்த ஓலையை அங்கிருக்கும் நம்பிமார் எல்லாரும் வாசிக்க வேண்டும்.

அஞ்சு விரலும் அகல. யாரோ ஒருவர் எப்போதோ விரலை மடக்கியிருக்கிறார், அல்லது மடக்கினார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டில் எது என்பது கல்லில் இல்லை. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். விரித்துக் காட்டினால் முடிந்தது.

எனக்கு இது அன்றே தெரிந்திருந்தால் கதவைத் திறந்து வைத்து, சீட்டின் மேல் ஒரு கல்லை வைத்திருப்பேன்.

மார்ச் 7

ரொம்பப் பெருமைப்பட வேண்டாம் என்று ஒருவர் குட்டியிருக்கிறார், நியாயமாகவே. அது பிராமணர் சபை. ஓலையில் பெயர் எழுதவே கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் பயிற்சி எல்லாம் வேண்டும். எடுப்பது அவ்வளவு திறந்த கையோடு, எடுக்க வேண்டிய பெயர்கள் அவ்வளவு சுருக்கமான வட்டத்துக்குள். கையைக் காட்டுகிறவர் வாசலையும் திறந்து வைத்திருப்பார் என்று நான் எடுத்துக்கொண்டது தப்பு. பிப்ரவரி 20 குறிப்பில் இரண்டையும் எதிரெதிராக வைத்தேன். ஒரே கல்லில் இரண்டும் இருக்கிறது.

மார்ச் 7, மறுபடி

இல்லை, அந்தச் சிறுவனைப் பற்றிச் சொல்ல மறந்தேன். பின்னாலே அவன் வளர்ந்து, "நான் எடுத்ததுதான் சரியான ஓலை" என்று எத்தனை பேரிடம் அலட்டியிருப்பானோ.

ஜூன் 14

மூன்று மாதம் இந்தப் பக்கம் வரவில்லை. சங்கத் தேர்தல் போன ஞாயிறு நடந்தது. இந்த முறை நான் நடத்தவில்லை. நடத்தியவர் அன்று கதவைப் பற்றிக் கேட்டவரேதான். நான் துணைத் தலைவர் பதவிக்கு நின்றேன்.

ஜன்னல், கதவு எல்லாம் திறந்தே இருந்தன. ஒவ்வொரு அடுக்கின் மேலும் ஒரு பூட்டை வைத்திருந்தார், எங்கே சேகரித்தாரோ. ஒவ்வொரு சீட்டையும் இரண்டு கையாலும் விரித்து, எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டி, பெயரைச் சத்தமாகச் சொல்லி அடுக்கினார். நாற்பது நிமிடம் ஆனது. குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

நான் இரண்டு ஓட்டில் தோற்றேன்.

செல்லாத சீட்டு நான்கு என்றார். பார்க்கலாமா என்று கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் என் பக்கம் நகர்த்தினார். ஒன்றில் இரண்டு பெயருக்கும் டிக், ஒன்று வெற்று, ஒன்றில் கையெழுத்தே போட்டிருந்தார்கள். நான்காவதில் டிக் இரண்டு பெயருக்கும் நடுவில் இருந்த கோட்டின் மேல் விழுந்திருந்தது. வால் என் பெயர்ப் பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது மாதிரி இருந்தது. ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இன்னொரு தடவை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.